கோவிலூர் தாண்டி

கோவிலூர் தாண்டியதும்
கால் என்னுடையதாக இல்லை.
பிரேக்கின் மேல்
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது.
நாற்பத்துமூன்று டிக்கெட்,
பிள்ளையார்பட்டிக்குப் போகும் அறுகம்புல் கூடை,
ஒரு கைக்குழந்தை
எல்லாம் என் முதுகுக்குப் பின்னால்.
நடுரோட்டில் வண்டியை நிறுத்தினேன்.

"இங்க ஸ்டாப் இல்லண்ணே" என்றான் ஆரோக்கியம்.
தெரியும்.
பத்தொன்பது வருடத் தடம் இது,
குழி குழியாகத் தெரியும்.
நெஞ்சுக்குள் நின்று
கதவை இடிப்பது யாரென்றுதான் தெரியவில்லை.

ஹார்ட் அட்டாக் என்று தூக்கிப்போனார்கள்.
இ.சி.ஜி. தாளில் கோடுகள்
நாலுகோடு நோட்டு எழுத்தைப்போல் அத்தனை ஒழுங்கு.
"உங்களுக்கு ஒண்ணுமில்ல."
அந்த ஒன்றுமில்லையோடு
நாற்பது நாள் படுத்திருந்தேன்.
குக்கர் விசிலுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.
மலர்க்கொடிதான் டிப்போவுக்கு நடந்தாள்.
லீவு தாளில் காரணம் என்ற இடத்தில்
வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொடுத்தாள்.
நாற்பது நாளுக்கும்.

சிவகங்கைப் பெரியாஸ்பத்திரியில்
என் மகள் வயதிருக்கும் டாக்டர் கேட்டது:
"கடைசியா எப்ப அழுதீங்க?"
கணக்குப் பார்த்தேன்.
அப்பா செத்த அன்று இல்லை, கொள்ளி வைக்கும் அவசரம்.
அதற்கு முன்னால்
கோவிலூர் தாண்டி அந்த வளைவில்
சைக்கிளோடு ஒரு பையன் குறுக்கே வந்தானே,
அன்றும் இல்லை.
என் மேல் தப்பில்லை என்று போலீஸே எழுதியது.
ஒற்றைச் செருப்பு ஊருணிக் கரையில் கிடந்தது.
மறுநாள் முதல் நடை நான்தான் எடுத்தேன்.
வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
வேறு ஒருவர் ஓட்டும் வண்டி.
கல்லல் வரும்வரை அழுதேன்.
பக்கத்து ஆள் கண்ணில் தூசி என்று நினைத்து
கண்ணாடியை ஏற்றிவிட்டார்.
இறக்கச் சொன்னேன்.

அன்று இரவு
எஃப்.ஐ.ஆரில் மட்டும் படித்திருந்த பெயரை
மலர்க்கொடியிடம் வாய்விட்டுச் சொன்னேன்.
அவள் விளக்கை அணைக்கவில்லை.
அந்தப் பையனுக்கு எத்தனை வயசு என்று மட்டும் கேட்டாள்.

இப்போது மறுபடி அதே தடம்.
மாத்திரை இரவில் ஒன்று, பாதியாகக் குறைத்திருக்கிறார்கள்.
பயம் இன்னும் இறங்கவில்லை.
வரட்டும், வண்டியில் இடமிருக்கிறது.
அந்த வளைவில் இரண்டாவது கியருக்கு வருகிறேன்.
பின்னால் லாரிக்காரன் திட்டுகிறான்.
ஆரோக்கியம் விசில் கொடுப்பதில்லை.

போன வாரம் மெமோ வந்தது:
தினமும் நான்கு நிமிடம் தாமதம், விளக்கம் தேவை.
காரணம் என்ற இடத்தில்
முத்துராக்கு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.