பொறி பிறக்காத கம்பி

வடகடலுக்கு அடியில் நாலு மைல்.
தலைக்கு மேல் நண்டுகள், வலைகள், அதற்கும் மேலே மழை.
எங்களுக்கு அதுபற்றித் தகவல் இல்லை.

இருபது வருடம் என் பாடு இரும்போடு.
ஸ்விட்ச் பெட்டி ஒன்றுக்கு இருபத்துநாலு போல்ட்.
முடுக்கியபின் இடுக்கில் தகடு விட்டுப் பார்ப்பேன்,
நுழைந்தால் அன்று யாரும் கரி வெட்டக் கூடாது.
உள்ளே வெடித்தாலும் வெளியே வராதபடி
கனத்தை நம்பினோம்.
ரிலே கெட்டால் காது சொல்லும்,
சுருள் எரிந்தால் மூக்கு.

எழுபத்தெட்டு மார்ச்சில் வந்தது இது.
பிஸ்கட் அளவு. பச்சை.
சத்தம் கிடையாது, வாசனையும் கிடையாது.
"கெட்டால் கழற்று, வேறொன்றைச் செருகு, திறக்காதே"
என்றான் டெர்பியிலிருந்து வந்தவன்,
நகத்தில் கரி ஏறாதவன்.

திறக்காதே என்றால்?
செத்த ஒன்றை ரொட்டி டப்பாவில் ஒளித்து
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
சமையலறை மேஜை, ஹேக்ஸா பிளேடு, பிசின் நாற்றம்.
எட்னா ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து நின்றாள்.
உள்ளே ஒரு ஃப்யூஸ், இரண்டு டையோடு,
பருப்பளவில் என்னவோ ஒன்று.
"இதற்கா?" என்றாள்.
இதற்குத்தான்.

மேலே கணினி அறையில் பிரிக்.
"நாலாம் பெல்ட் நின்றது இரண்டு பத்து,
நீ போய்ச் சேர்ந்தது இரண்டு முப்பத்தொன்று. இடையில்?"
நடந்தேன்.
முழங்கால் தண்ணீரில், குனிந்தபடி.
நடப்பதற்கு அதில் கட்டம் இல்லையாம்.

ஓர் இரவுப் பணி.
கூரைக்கல் விழுந்து மீத்தேன் கருவியின் கம்பி அறுந்தது.
வெட்டும் எந்திரம் தானாக நின்றது.
வில்ஃப் டாட்ஸ் விளக்குத் திரியை இறக்கிப் பார்த்தான்:
சுடரின் மேல் நீலத் தொப்பி.
"போயிடலாமா" என்றான், கேள்வியாக அல்ல.
என் தலைவிளக்கு வெளிச்சத்தில்
அறுந்த முனைகள் இரண்டும் ஆடின.
தொட்டன. விலகின. மறுபடி தொட்டன.
கண்ணை மூடிக்கொண்டேன், பழக்கம்.

ஒன்றும் இல்லை.

ஒரு பொறிக்குக்கூட வக்கில்லாத மின்சாரம்.
அப்படித்தான் அதைப் பெற்றுப்போட்டிருக்கிறார்கள்.
இத்தனை காலம் நாங்கள்
போல்ட் போட்டு அடைத்துவைத்த ஒன்று
இதனிடம் இல்லவே இல்லை.

வில்ஃபின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.
பாதி வழியில் ஒலிபெருக்கி இருமியது.
எங்கே இருக்கிறீர்கள், பிரிக்கின் குரல்.

"நடக்கிறோம்.
கட்டம் போட்டுக்கொள்."