அரை அவுன்ஸ்

மேலிருந்து பார்ப்பவர்களுக்கு
இரண்டு பித்தளைத் தட்டுகள்,
ஓக் பலகையில் வரிசையாய்க் குழிகள்,
குழிக்கு ஒன்றாய் உட்கார்ந்த எடைக்கற்கள்.
என் வேலை அந்தப் பலகைக்குக் கீழே.

பர்மிங்ஹாம், டிக்பெத் தெரு, பார்ஜிட்டர் பட்டறை.
எடை சரிபார்ப்பவள், கெசியா டிராண்டர்.
வாரம் ஒன்பது ஷில்லிங்.
காலையில் வார்ப்புச் சாலையிலிருந்து
தட்டுகள் ஜோடி ஜோடியாய் வரும், இன்னும் சூடு ஆறாமல்.
ஒரே அச்சில் பிறந்தவை.
ஒரு ஜோடிகூட ஒரே எடையில் பிறந்ததில்லை.
அதற்காகத்தான் ஒவ்வொரு தட்டின் வயிற்றிலும்
விரல்நுனி அளவு ஒரு பள்ளம்.
கடுகளவு ஈயக்குண்டு ஒன்று போடுவேன்.
இன்னொன்று.
அப்புறம் அரத்தூள், ஒரு சிட்டிகை.
மூடியைத் திருகி மெருகேற்றிவிட்டால்
அங்கே ஒரு குறை இருந்ததென்று
என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

இது தொங்கும் தராசு அல்ல, தாங்கும் தராசு.
மேலே ஒரு கோல், பெட்டிக்குள் ஒரு கம்பி,
இரண்டையும் கோக்கும் கால்கள்.
கடிதத்தை நடுவில் வை, விளிம்பில் வை,
பாதி வெளியே தொங்கட்டும்,
எடை ஒன்றுதான்.
தட்டைச் சாய்க்கப் பார்க்கும் பாரத்தையெல்லாம்
உள்ளே இருக்கும் அந்தக் கம்பி வாங்கிக்கொள்கிறது.
விலைப்பட்டியல் படத்தில் அது கிடையாது.

போன நவம்பரில் ஒன்று செய்தேன்.
எஃகுக் கத்திமுனையை மூன்று நாள் தீட்டி,
கோலின் கனத்தை முனைக்கு மிக அருகே தூக்கிவைத்து.
ஒரு தலைமுடிக்கு இறங்கியது.
தபால்தலையை நாக்கில் நனைத்து வைத்தால்
அந்த ஈரத்துக்கும் இறங்கியது.
ஆனால் நிற்கவில்லை.
கதவு திறந்தால் ஆடியது,
வீதியில் வண்டி போனால் ஆடியது,
நான் மூச்சை அடக்கினால்
அடக்கிய மூச்சுக்கும் ஆடியது.

பார்ஜிட்டர் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தார்.
"வக்கீல் குமாஸ்தா கையில் நாற்பது கடிதம்.
ஆறு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள்.
இத்தனை உண்மையை வைத்துக்கொண்டு
அவன் என்ன செய்வான், கெசியா?
கனத்தைக் கீழே இறக்கு."

இறக்கினேன், நூலளவு.
இரண்டு ஆட்டம், ஒரு தலையசைப்பு, நின்றுவிட்டது.
முடியை வைத்தேன்.
கவனிக்கவே இல்லை.
அன்று மதியம் ரொட்டி இறங்கவில்லை எனக்கு.

ஈனாக் பாலராட்டில் தங்கம் தோண்டப் போய்
பதினான்கு மாதம்.
அரை அவுன்ஸுக்கு ஆறு பென்னி;
ஒரு துளி கூடினாலும் பன்னிரண்டு.
இரண்டு பக்கமும் நெருக்கி எழுதி,
அதன் மேலேயே குறுக்காகவும் எழுதி,
ஓரத்து வெள்ளைத் தாளைக் கத்தரித்து எறிந்தேன்.
சனிக்கிழமை எல்லோரும் போனபின்
பட்டறையிலேயே நிறுத்தேன்.
எடைக்கல்லும் கடிதமும் நேருக்கு நேர்.
இனி ஒரு காற்புள்ளிக்கும் இடமில்லை.

வீட்டில் தாமார் தூங்கிக்கொண்டிருந்தாள்.
அவள் அப்பா கப்பலேறியபின் பிறந்தவள்.
காதுக்குப் பின்னால் ஒரு சுருள்,
ஏழெட்டு இழை இருக்கும்.
வெட்டி உள்ளே வைத்து ஒட்டினேன்.

திங்கள் காலை தபால் அலுவலகம்.
சன்னலுக்கு அந்தப்பக்கம் எங்கள் பட்டறைத் தராசு,
நான் கனம் இறக்கியது.
குமாஸ்தா கடிதத்தை அசட்டையாய் வீசினான்,
விளிம்பில் விழுந்தது, பாதி வெளியே.
இரண்டு ஆட்டம்.
ஒரு தலையசைப்பு.

"ஆறு பென்னி," என்றான்.
நாணயங்களை ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தேன்,
கை நடுங்காமல்.