பாதி பெட்ரோல்

பதினோரு குளிர்காலம்
என் காரில்தான் வந்தாள் இங்கிரிட் வோஸ்பர்க்.
டுலூத்தில் ஏறினால்
விஸ்கான்சின் பக்கத்துச் சின்னக் கல்லூரிக்கு
எழுபது மைல், வலது கையில் ஏரி.

நான் வேதியியல்.
அவளுக்குக் கட்டுரைப் பயிற்சி, நான்கு வகுப்பு,
வகுப்புக்கு இருபத்தாறு பேர்.
ஒவ்வொரு ஆகஸ்டும் வரும் கடிதத்தில்
'தற்காலிகம்' என்றிருக்கும்.
போன வருட அடையாள அட்டையால்
கண்ணாடியின் பனியைச் சுரண்டுவாள்.

பெட்ரோலில் பாதி அவள் கணக்கு.
செவ்வாய்தோறும், சில்லறையாக,
காரின் சாம்பல் கிண்ணத்தில்.

கவிதை எழுதுவாள் என்று தெரியும். படித்ததில்லை.
முதல் புத்தகம் நானூறு பிரதி;
முந்நூற்றுப் பத்து குளியல் தொட்டியில் கிடக்கிறது,
விருந்தாளி வந்தால் நாறிக்கொண்டே போகட்டும் என்பாள்.

ஒரு பிப்ரவரியில்
யார் வீட்டுக் கொடியிலோ
பலகையாய் விறைத்து நின்ற சட்டைகளைக் காட்டி
'இது எப்படிக் காயும்?' என்றாள்.
பனி நீராகாமலே ஆவியாகும்,
பதங்கமாதல் என்று பெயர், என்றேன்.
அந்தப் பதத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.
பிறகு முப்பது மைல் பேச்சில்லை.
கோபமோ என்று ரேடியோவைக் குறைத்தேன்.

அதன்பின் அவளைச் செய்தித்தாளில்தான் பார்த்தேன்.
பரிசு, இன்னொரு பரிசு,
பெரிய பல்கலைக்கழகத்தில்
ஏதோ மாவுமில் முதலாளி பெயரில் ஓர் இருக்கை.
எங்கள் கல்லூரி சுவரில் படம் மாட்டியது:
'எங்கள் முன்னாள் பேராசிரியர்.'
இருந்தபோது ஒருநாளும்
அப்படிக் கூப்பிட்டதில்லை.

மினியாபொலிஸில் வாசித்தாள். கடைசி வரிசையில் நான்.
மூன்றாவது கவிதையில் சட்டைகள் விறைத்து நின்றன.
கார் இருந்தது, ஏரி இருந்தது,
ஓட்டியவன் இல்லை.
முன்கண்ணாடியில் யார் மூச்சோ படிந்து
விலகியதாக ஒரு வரி.
அது என்னுடையதா என்று கேட்க
நாற்பது பேருக்குப் பின்னால் நின்றேன்.
கேட்கவில்லை.

புத்தகத்தை விரித்தவள், நிமிர்ந்து பார்த்து,
பேனாவை மூடிவிட்டுக் கைப்பையைத் துழாவினாள்.
மூன்று டாலர், அறுபது சென்ட்.
'கடைசிச் செவ்வாய்,' என்றாள்.
பின்னால் நின்ற பெண் செருமினாள். நகர்ந்தேன்.

ஹிங்க்லியில் பெட்ரோல் போட நின்றபோது
விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன்.
கையெழுத்தே இல்லை.
இந்தக் காரில் சாம்பல் கிண்ணமும் கிடையாது.
காபிக் கோப்பைக் குழியில் போட்ட சில்லறை
மூஸ் லேக் வரை குலுங்கிக்கொண்டு வந்தது.
அதற்கப்புறம் புதுச் சாலை.