மோதிரத்தை வெட்டிய வாரம்

தெற்காவணி மூல வீதியில்
ஆசாரி பல்லிடுக்கில் காற்றை இழுத்துக்கொண்டே
என் கல்யாண மோதிரத்தை வெட்டினார்.
விரல் சுரைப்பிஞ்சு மாதிரி இருந்தது.
எத்தனை வருசமாச்சு மாஸ்டர், என்றார்.
பரோட்டாக் கல்லைக் கேட்கிறாரா
கல்யாணத்தைக் கேட்கிறாரா தெரியவில்லை.
ரெண்டுக்கும் பத்தொன்பது, என்றேன்.

ரத்தச் சீட்டில் ஓர் எண்ணுக்குப் பக்கத்தில்
அம்புக்குறி மேலே பார்த்து நின்றது.
உள்ளே நெருப்பு, என்றார் டாக்டர்.
எனக்குத் தெரிந்த நெருப்பெல்லாம்
கல்லுக்கு அடியில்தான் இருந்தது.
மாத்திரை எழுதிப் பேனாவை மூடியபின்
கீரை, மீன் சேருங்க,
மைதாவைக் குறைங்க, என்றார்.
மைதாவைக் குறைக்கச் சொன்னார்
என்னிடம்,
ராத்திரிக்கு இருபத்தைந்து கிலோ பிசைகிறவனிடம்.

பத்து நாள் லீவு.
கரிமேட்டில் மத்தி கூறுகட்டிக் கிடந்தது.
பூனைக்கா, என்று கேட்டாள் மீன்காரி.
எனக்கு, என்றேன்.
கயற்கண்ணி மஞ்சளை அள்ளிப் போட்டாள்,
மிளகைத் தட்டிப் போட்டாள்,
இஞ்சிச் சாற்றை நெஞ்சு காந்தக் காந்தக் கொடுத்தாள்.
பத்தொன்பது வருசமாய் நான் ருசி பார்த்துச் சொல்வேன்,
அந்த வாரம் அவள் என் முகத்தைப் பார்த்து
உப்புப் போட்டுக்கொண்டாள்.

முடக்கத்தான் தேடி எங்கும் அலையவில்லை.
எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வேலியிலேயே
ஏறிக் கிடந்தது.
பிள்ளைகள் நெற்றியில் அடித்துப் பட்டென்று உடைக்கிற
பலூன்காய்க் கொடி.
தினமும் விடிகாலை மூன்று மணிக்கு
அதை உரசிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன்,
விரல் மடங்காமல்,
சாவியை இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டு.
அரைத்து மாவில் கலந்து ஊற்றினாள்.
கசப்பு என்றும் சொல்ல முடியாது,
மழை நின்றபின்
வேலியைக் கடித்த மாதிரி ஒரு பச்சை.

ஒன்பதாம் நாள் சட்டைப் பொத்தானைப் போட்டேன்.
நானே போட்டேன்.
மாத்திரையா, மத்தியா, வேலிக்கொடியா,
மாவை அடிக்காமல் கிடந்த கையின் ஓய்வா,
எதற்கு நன்றி சொல்வது?
அடுத்த சீட்டில் அம்புக்குறி அங்கேயேதான் இருந்தது,
எண் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.
மாத்திரையை நிறுத்தாதீங்க, என்றார் டாக்டர்.
கீரையையும், என்றாள் கயற்கண்ணி,
அவர் மேசையில் முழங்கை ஊன்றி.

வெட்டிய மோதிரம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது.
சுற்றிய காகிதத்தில் மஞ்சள் ஏறிவிட்டது.
ஒட்ட வைக்க ஆசாரி கேட்ட கூலி
இப்போதைக்கு இல்லை.

பதினோராம் ராத்திரி, கோரிப்பாளையம்,
கல் காய்ந்து கிடக்கிறது.
மாஸ்டர், நாலு, நல்லா முறுகலா!
வீசினேன். மாவு விரிந்தது. வலித்தது,
பழைய வலியில் பாதி.

ஒரு மணிக்குப் பையன்கள்
பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.
நான் தூக்கைத் திறந்தேன்,
ஆறிப்போன பச்சைத் தோசை மூன்று.
புதிதாய் வந்த வடக்கத்திப் பையன் முகர்ந்து பார்த்து
மருந்தா, என்று சைகையில் கேட்டான்.
தோசை, என்றேன்.
ஒரு விள்ளல் பிட்டு
சால்னாவில் முக்கி வாயில் போட்டுக்கொண்டான்.