சுண்ணாம்பு ரொட்டி

வெள்ளிக்கிழமை மாலை அனுமதி இலவசம்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
என் டிராம் கைக்கு வர
இன்னும் ஐம்பது நிமிடம்.
வரலாற்றைப் பார்க்க வரவில்லை,
குளிருக்கு ஒதுங்கினேன்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பூட்ஸுக்கு மேல் நீல நெகிழி உறை மாட்டிக்கொண்டு
தம்பெரேயின் பஞ்சாலைக்காரர்கள் தூங்கிய தரையில்
சரசரவென்று நடந்தோம்:
நான், கணக்கு வாத்தியார் போல ஒருவர்,
ஒரு தகப்பன், அவன் தோளில் மூன்று வயது ஒன்று.
வழி காட்டியவன் ஏத்து.
முகப்பரு ஆறாத கல்லூரிப் பையன்.

நான்கு அறை, நடுவில் ஒரே சமையலறை.
அறைக்கு ஒரு குடும்பம்.
ஒரே அடுப்பு, அதற்கு நான்கு வாய்.
“எல்லாவற்றையும் பகிர்ந்து வாழ்ந்தார்கள்” என்றான்
மனப்பாடம் செய்த குரலில்.

நான் அலமாரிகளைப் பார்த்தேன்.
நான்கு அலமாரி. நான்கிலும் பூட்டு.
சர்க்கரை டப்பாவுக்குத் தனியாக இன்னொன்று,
கட்டைவிரல் நகமளவு.
தாய்க்கும் பிள்ளைக்குமே வாயும் வயிறும் வேறு,
இங்கே பதினேழு பேர்.

மூன்றாவது அலமாரியில்
பூட்டைச் சுற்றிக் கத்திக் கீறல்கள்.
யாரோ நெம்பிப் பார்த்திருக்கிறார்.
திறந்ததா? பிடிபட்டாரா?
உள்ளே இருந்தது காப்பிக்கொட்டையா, வெறும் காகிதமா?
சுவரில் தொங்கும் அட்டையில்
வாடகை இருக்கிறது, வாரக்கூலி இருக்கிறது,
‘சைமா நுர்மி, நூற்பாளர், பிள்ளைகள் ஐவர்’ இருக்கிறது.
இது இல்லை.

ஹெர்வந்தாவில் எங்கள் வாடகை வீட்டில்
மூன்று பேருக்கு ஒரு குளிர்பெட்டி.
பால் எந்த மட்டம் என்று
மிலா பெட்டியின் மேல் பேனாவால் கோடு போடுவாள்.
அந்தக் கோட்டுக்குக் கீழே ஒருமுறை இறங்கி
தண்ணீர் ஊற்றி ஏறி வந்தவள் நான்.
இதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த அறை
விதவை தெக்லாவுடையது.
கட்டில் ஒன்று, குடிவைத்த ஆட்கள் இருவர்:
விஹ்தோரிக்குப் பகல் ஷிப்ட்,
இன்னொருவனுக்கு இரவு.
ஒருவன் எழுந்த பள்ளத்தில் மற்றவன் படுத்தான்.
போர்வை ஆறவே இல்லை.
அவர்கள் முகம் பார்த்துக்கொண்டது
ஞாயிற்றுக்கிழமைகளில்தானாம்.
என்ன பேசியிருப்பார்கள்?
காலை நீட்டிப் படுக்காதே என்றா?
அந்த இன்னொருவன் பெயர்
ஏத்துவுக்கும் தெரியவில்லை.

கடைசி அறையில் மேசை.
கயிற்றுக்கு அப்பால் தட்டுகள், உப்பு மீன்,
நடுவில் ஓட்டையுள்ள கம்பு ரொட்டி.
ஏத்து குடிநீர்க் குழாய் வந்த வருடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
வாத்தியார் குறித்துக்கொண்டிருந்தார்.
கறுக்கென்று ஒரு சத்தம்.

பையன் எப்போது இறங்கினான்,
கயிற்றுக்கடியில் எப்போது நுழைந்தான்,
தகப்பனுக்கே தெரியாது.
உதட்டில் வெள்ளைத் தூள்.
“அது சுண்ணாம்பு! சாப்பிடக்கூடாது!”
ஏத்துவின் குரல் இப்போதுதான் அவன் குரலாக இருந்தது.
தகப்பன் கையை நீட்டித் துப்பு துப்பு என்றான்.
பையன் அழவில்லை.
நிதானமாக மென்று பார்த்து
தீர்ப்புச் சொன்னான்:
“பழசு.”

வாத்தியார் சிரித்ததும் நாங்களும் சிரித்தோம்.
ஏத்து ரொட்டியை எடுத்துப்
பல் பட்ட பக்கத்தைச் சுவர்ப்புறம் திருப்பி வைத்தான்.
இரண்டடி தள்ளி நின்று பார்த்தான்.
திரும்பப் போய்
எங்கள் பக்கமே திருப்பினான்.
நான்கு பற்கள், தெளிவாக.
அந்த மேசையில் முதல்முறையாக
யாரோ சாப்பிட உட்கார்ந்து
அவசரமாக எழுந்து போன மாதிரி இருந்தது.

மணி ஐந்து நாற்பது.
ஓடினேன்.
மூன்றாவது நிறுத்தத்தில்
கதவு திறந்து குளிர் ஏறியபோது பார்த்தேன்,
இடது பூட்ஸில் நீல உறை
இன்னும் இருந்தது.
கழற்ற நேரமில்லை.
வண்டியை எடுத்தேன்.
வழியில் பால் வாங்க வேண்டும்,
ஒரு பெட்டி, மிலா கணக்கில்.