பதினேழு

நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
அந்தப் பக்கம் நெல் ஏற்றிய சரக்கு ரயில்.
இந்தப் பக்கம், சென்னையிலிருந்து வந்த லாரியில்
குமிழித்தாள் சுற்றிய ஓவியங்கள்.
நாற்பது நிமிடம்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.
கண்காட்சி அங்கேயே
தொடங்கிவிட்டதென்று இப்போது தோன்றுகிறது.

மூடிக் கிடந்த மாடர்ன் ரைஸ் மில்லில்
நான்கு நாள் கலைச்சந்தை.
களத்தில் கேலரிகளின் கடைகள்,
கொதிகலன் கூடத்தில் காபியும் பேச்சும்.
பின்னால், குடோனுக்குள்,
தனியாகத் தேர்ந்து தொகுத்த மூன்று அறைகள்.
இங்கே எதுவும் விற்பனைக்கல்ல என்றது அட்டை.
விலை கேட்டவர்களை மட்டும்
ரேஷ்மா ஓரமாக அழைத்துப் போனாள்.

எனக்கு மூன்றாம் அறைக் காவல்.
பிளாஸ்டிக் நாற்காலி, கழுத்தில் பட்டை,
நாளுக்கு எழுநூறு.
குறுவைக் கொள்முதல் முடிந்தபின்
பருவகாலப் பட்டியல் எழுத்தரை
வேறு யார் தேடுவார்கள்?

அறை நடுவே நெற்குவியல்.
பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதமானி,
என் மேசையில் இருந்த அதே ரகம்.
சுவரில் எழுதியிருந்தார்கள்:
'பதினேழு. நெல், கருவி, காத்திருப்பு.
அளவு மாறுதலுக்குட்பட்டது.'
செய்தவர் கூத்தாநல்லூர் பெனாசிர்,
இப்போது இருப்பது ரோட்டர்டாம்.

காத்திருப்பையும்
பொருள்களின் பட்டியலில் சேர்க்கலாம் என்று
எனக்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.
பதினெட்டு காட்டியது, திருப்பி அனுப்பினேன்.
சித்திரைவேலு அதைத் தார்ச்சாலையில் பரப்பி
பதினொரு நாள் காலால் கிளறினார்.
பன்னிரண்டாம் நாள் பதினேழு.
அன்றைக்குச் சாக்கு இல்லை.
அன்றிரவு மழை.
மறுநாள் இருபத்தொன்று என்று
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

முதல் நாள் ஒருவர் குனிந்து
ஒரு பிடி அள்ளினார்.
நெல்லைத் தொடாதீர்கள் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
இருமினேன்.
போட்டுவிட்டார்.

இரண்டாம் அறைச் சுவரிலும் ஒரு கருவி.
மணிக்கொரு முறை வந்து பார்ப்பாள் ரேஷ்மா.
ஓவியத்துக்கு ஐம்பத்தைந்து வரை ஆகுமாம்.
எங்களுக்குப் பதினேழுதான், என்றேன்.
அது காற்றின் ஈரம், இது மணியின் ஈரம்,
இரண்டும் வேறு என்றாள்.
இருக்கலாம்.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது.
ஒரு மணி நேரத்தில் முப்பது தார்ப்பாய் வந்தது.
முப்பது!
புதுசு, நீலம், மடிப்புக்கூடக் கலையாதது.
எங்கே கேட்டால் கிடைக்கும் என்று
யாரிடம் கேட்டிருக்க வேண்டும் நான்?
ஓவியங்களை மூடினோம்.
மூன்றாம் அறையில் ஆஸ்பெஸ்டாஸ் விரிசல் வழியே
நேராகக் குவியலின் தலையில் சொட்டியது.
பெனாசிரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றாள் ரேஷ்மா.
போனில் பெனாசிர் சொன்னார்:
நனையட்டும்.

நான்காம் நாள் காலை
குவியல் முழுக்க வெள்ளை முனை.
பார்க்க வரிசை நின்றது.
செல்போனை உயர்த்திப் பிடித்து
முளையை, முளையின் அருகில் தங்களை,
எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.
கடைசி நாள் என்பதால் நுழைவு இலவசம்.
மதியத்துக்கு மேல்
செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார் சித்திரைவேலு.
என்னைத் தெரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

குந்தி உட்கார்ந்தார்.
முளைக்காத மணியாகப் பார்த்து ஒன்றை எடுத்து
பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார்.
நான் இருமவில்லை.
"இருபத்தெட்டு இருக்கும்" என்றார்.
கருவி பெட்டிக்குள் பூட்டியிருந்தது.
"இதை எடுத்துக்கிட்டாங்களா?"

எடுத்துக்கொண்டார்கள்.
கொச்சியிலிருந்து ஒரு தனியார் சேகரிப்பு,
முளையோடு, கருவியோடு, சுவர் எழுத்தோடு.
அதைச் சொன்னேன்.

"என்ன விலைக்கு?"

பட்டியல் நான் எழுதவில்லை என்றேன்.
உண்மைதான் அது.
அவர் தலையாட்டினார்.
வாயில் உமி.
தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்,
எங்கே துப்புவதென்று தெரியவில்லை.

கையை நீட்டினேன்.