பின்சீற்றுக்கு

விசுவமடுச் சந்தியில ஐஞ்சேகாலுக்கு
கார்மென்ட் பஸ் ஏறுறம்.
றேடியோவில ஆரோ ஒருத்தன்
நாங்கள் காணாத ஆத்தைப் பாடுறான்.

கேமலதா,
நேற்று மெசினில குனிஞ்சபடி முணுமுணுத்தியே,
"நூறு கழுத்துக்குக் கொலர் வைச்சன்
என்ர கழுத்தில நூலுமில்லை" எண்டு,
அதை இப்ப சத்தமாச் சொல்லு.

மெட்டில்லையோ?
நெத்தலியாத்துப் பாலத்தில பஸ் குலுங்கும்.
அதில பிடி.

எழுத்துப் பிழையெண்டு கிழிக்காத.
சைஸ் லேபலின்ர பின்பக்கம் காணும்.
லைற் இல்லாட்டி போன் வெளிச்சத்தில எழுது,
கோணலா வரட்டும்,
எழுதிப் பின்சீற்றுக்குக் குடு.

அங்க றொசலின்
அடுத்த வரியை
மூண்டு மாசமா வாயுக்க வைச்சிருக்கிறாள்.
கேட்டால் பல்லுக்கொதி எண்டுறாள்.